வேண்டுதல் துணி

உண்ணிச்செடிக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே ஆளை நான் ஏற்காட்டில்தான் பார்த்தேன்.

"வாங்க வாங்க, இத்தனை நாள் இருந்தது போதுமுங்க. இப்படி வாங்க" என்று சொல்லிக்கொண்டே குத்துக்காலிட்டு உட்காருவார். தூரைப் பிடித்து இடமும் வலமுமாக ரெண்டு ஆட்டு ஆட்டி, வேரோடு உருவி எடுத்துவிடுவார். முள் கையைக் கீறும், ரத்தம் வரும். அப்போதும் "மெல்லங்க, மெல்லங்க" என்பாரே தவிர வாயில் ஒரு வசவு வராது. நானாக இருந்தால் அந்தச் செடியின் பரம்பரையையே இழுத்துத் திட்டித் தீர்த்திருப்பேன்.

அதே வாய், அந்தப் புதருக்கு அடியில் ஒரு நாவல் கன்றைப் பார்த்துவிட்டால் அப்படியே மாறிப்போகும். "ஏங் கண்ணு, என்ன இப்படி எளைச்சுப் போயிட்டே? இவங்க உன்னைய மூச்சே உட உடலையா?" அங்கே ஒரு 'ங்க' கிடையாது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "இதென்னக்கா அநியாயம்? களைக்கு வாங்க போங்க, கன்னுக்கு வா போவா?"

"வெளிய போறவங்களை மரியாதையாத்தானுங்க அனுப்பி வெக்கோணும்" என்றார். "ஊட்டோட இருக்கறதுகளுக்கு என்னத்துக்குங்க மரியாதை?"

சொல்லிவிட்டு அடுத்த தூரைப் பிடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால் எங்களோடு களை பிடுங்க வந்த ஸ்கூல் வாட்ச்மேனை, ஐம்பது வயது ஆளை, கடா மீசைக்காரரை, "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். பேக்கரிக்காரரும் கண்ணுதான். மஞ்சக்குட்டையிலிருந்து வரும் பழக்காரப் பெரியம்மாவை வா போ என்பார். நான் மட்டும் "மேனேஜருங்க". மூன்று வருஷம் அவர்களோடு முள்ளில் கிடந்த பிறகும் "மேனேஜருங்க". பார்க்கப்போனால் 'மேனேஜரு' என்றாலே போதும். அதற்கு மேலும் ஒரு ங்க ஒட்டினால் என்ன அர்த்தம்?

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. நான் ஏற்காடு ஒண்டிக்கடை முக்குக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சொந்த ஊர் சேலம் செவ்வாய்ப்பேட்டை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். ரூம் பையன்கள் என் செருப்புச் சத்தத்தை வைத்தே என் மனநிலையைச் சொல்லிவிடுவார்கள். அக்காவுக்கு அந்த வரிசையிலேயே மூன்றாவது கடை. பிளவுஸ், பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற டெய்லர் கடை. ஊருக்கே அவர் டெய்லரக்கா.

அந்தக் கடையில் ஒரு வேடிக்கை உண்டு. துணியை மேஜையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். "வெட்டட்டுங்களா?"

"வெட்டுங்கக்கா."

"கை நீளம் இதேதானுங்களே? வெட்டிறட்டுங்களா?"

"அட, வெட்டுங்கக்கா!"

"வெட்டறேனுங்க, சரிதானுங்களே?"

மூன்று தடவை கேட்காமல் கத்திரி இறங்காது. ஒரு டீச்சரம்மா பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற எரிச்சலில், "இந்த ஊரிலேயே அனுமதி வாங்கித் துணி வெட்டுற டெய்லர் நீங்க ஒருத்தர்தான்" என்று கத்தியதை நானே கேட்டேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "வெட்டறதுக்கு முந்தித்தானுங்க டீச்சர் கேக்கோணும். வெட்டினதுக்கப்பறம் கேட்டா ஒட்டுமுங்களா?" என்றார். டீச்சரம்மா பஸ்ஸைத் தவற விட்டார். பிளவுஸ் மட்டும் அளவு பிசகாமல் வந்தது.

இப்படிக் கேட்டே ஆளை வழிக்குக் கொண்டுவருகிற வித்தையை என்னிடமும் காட்டினார். எங்கள் லாட்ஜின் பின்பக்க பால்கனிக்குக் கீழே சரிவு. சரிவில் ஒரு சின்னச் சோலை, நடுவில் ஓர் ஊற்று. டூரிஸ்ட்டுகள் பால்கனியில் நின்று மூடுபனியை ரசித்துவிட்டு, பாட்டிலையும் பிஸ்கட் பேப்பரையும் கீழே வீசிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் காலையில் அக்கா ஒரு மூட்டையோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க மேனேஜருங்க, உங்க ஊட்டுச் சாமானெல்லாம் வழி தவறி எங்க பக்கம் வந்துட்டுதுங்க. வாங்கி வெச்சுக்கறீங்களா?"

நான் தையத்தக்கா என்று குதித்தேன். அது எங்கள் சாமான்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி, நான் என்ன ஊரைக் கூட்டுகிறவனா, என்னென்னவோ கத்தினேன். அக்கா முழுதும் கேட்டுக்கொண்டார். "சரிங்க, இங்கயே வெக்கறேனுங்க" என்று மூட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் இன்னொரு மூட்டை. அதே கேள்வி, அதே குரல். ஆறாம் நாள் எனக்குக் கத்தத் தெம்பில்லை. பால்கனிக்குக் கம்பி வலை அடித்தேன், அறைக்கு அறை கூடை வைத்தேன். "இன்னும் என்னதாங்க வேணும் உங்களுக்கு?" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"செவ்வாக்கெழமை ஒரு கை புடிக்கறீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சரிங்க என்று வந்தது. இது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சனி ஞாயிறு ஏற்காட்டில் கூட்டம் அள்ளும். செவ்வாய்க்கிழமை ஊர் காற்று வாங்கும். அதனால் அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சோலை வேலை. என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஊரில் எங்களுக்கு வைத்த பெயர் 'செவ்வாய் தோஷக்காரங்க'. டீக்கடையில் எங்களைக் கண்டால், "என்னப்பா, தோஷம் கழியுதா?" என்பார்கள். அதிலும் நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன். கேட்கவா வேண்டும்?

இந்த வேலையை அக்கா எதற்கு ஆரம்பித்தார் என்பதற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. ஊற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுக்கப் போனவரின் சேலையை உண்ணிமுள் முழங்கால் நீளத்துக்குக் கிழித்துவிட்டதாம். "ஊரு துணியெல்லாம் தைக்கறவ சேலையவே கிழிச்சுட்டாங்களே, என்ன ஏதுன்னு கேட்டுட்டு வரலாம்னு போனேனுங்க" என்றார். கையில் கொண்டுபோனது கடைக் கத்திரி. உள்ளே போய்ப் பார்த்தால், முள்ளுக்கு அடியில் நாவலும் காட்டு மாவுமாகக் குட்டிக் குட்டிக் கன்றுகள் வெளிச்சம் கிடைக்காமல் வெளிறிப்போய் நின்றிருக்கின்றன. அன்றைக்குப் போனவர்தான்.

என் முதல் நாள் வேலையைச் சொன்னால் வெட்கக்கேடு. ரோஷத்தோடு மளமளவென்று பிடுங்கிக் குவித்தேன். பெரியம்மா குவியலைக் கிளறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி, ரெண்டு வருசத்து நாவக்கன்னு! களைன்னு நெனச்சியா?" நான் விழித்தேன். செவ்வாய்ப்பேட்டையில் நாவல் பழத்தைத் தள்ளுவண்டியில்தான் பார்த்திருக்கிறேன், செடியைக் கண்டேனா?

அக்கா அடுத்த வாரம் ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொண்டுவந்தார். யூனிபார்ம் நீலக்கட்டம், பிளவுஸ் துணியின் ஓரம், பாவாடைக் கரை. பெரியம்மா காட்டக் காட்ட ஒவ்வொரு கன்றிலும் ஒரு துணியைத் தளர்வாகக் கட்டினார். துணி கட்டியிருந்தால் தொடாதே, கட்டாததைப் பிடுங்கு. என்னைப் போன்ற மடையனுக்கும் விளங்குகிற ஏற்பாடு. ஒரே வருஷத்தில் சோலை முழுக்க துணிக் கன்றுகள்.

வந்தது வினை! நம் ஜனங்களுக்குச் செடியில் துணியைக் கண்டால் வேறு என்ன தோன்றும்? நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு புதுத் தம்பதி, இது ஏதோ சக்தியுள்ள இடம் என்று நினைத்துக் கர்ச்சீப்பைக் கிழித்துக் கட்டிவிட்டுப் போனது. அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர். பாதைக்கு நடுவில் நின்ற ஒரு பெரிய உண்ணிப் புதரில் யாரோ மஞ்சள் துணியும், அதில் ஒரு குட்டி மரத்தொட்டிலும் தொங்கவிட்டிருந்தார்கள். அக்காவின் துணியும் இவர்கள் துணியும் கலந்துபோய், எது கன்று எது களை என்று எங்களுக்கே குழம்பிவிட்டது.

வாட்ச்மேன் அரிவாளை ஓங்கிக்கொண்டு அந்தப் புதரிடம் போனார். அக்கா தடுத்துவிட்டார். "உடு கண்ணு. ஆரோ ஒருத்தி அழுதுட்டுக் கட்டிருப்பா. அவளைக் கேக்காம எப்படி அவுக்கறது?"

"அவள எங்கக்கா போய்த் தேடறது?"

"அப்ப நிக்கட்டும்."

களை எடுக்கவே கூடுகிற கூட்டத்துக்கு நட்டநடுவில் ஓர் உண்ணிப் புதர் தொட்டிலோடு ராஜா மாதிரி நின்றது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அதற்காக அக்கா ஊரை ஏமாற்றவும் மாட்டார். வாழவந்தியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம். கையில் மஞ்சள் துணி. அக்கா அவளிடம் நேராகவே சொன்னார். "இது வேண்டுதல் துணி இல்லீங்க அம்மிணி. புடுங்கீறக் கூடாதுன்னு நான் அடையாளத்துக்குக் கட்டினது. இங்க சாமி எதுவும் இல்லீங்க." அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. கட்டிவிட்டுப் போகட்டுமே, இவருக்கு என்ன குறைந்துவிடும்? அந்தப் பெண் எங்களோடு ஒரு மணி நேரம் களை பிடுங்கிவிட்டுப் போனாள். கேட்கிறவர்கள் எல்லோரிடமும் இதே பதில்தான். "வேண்டுதல் இல்லீங்க, அடையாளமுங்க." இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் திருவிளையாடலுக்கு வருகிறேன்.

மூன்றாம் வருஷம் எனக்கு ஓர் ஆசை வந்தது. இத்தனை பாடுபடுகிறார்கள், ஊர் தோஷக்காரங்க என்று கேலி பண்ணுகிறதே, இவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி ஊர் வாயை அடைக்க வேண்டும் என்று. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்துவிட்டால் அக்கா என்னையும் கண்ணு என்று கூப்பிடுவார் என்கிற நப்பாசையும் இருந்தது. முப்பத்தெட்டு வயது ஆம்பளைக்கு இப்படியும் ஓர் ஏக்கம் இருக்குமா என்றால், இருந்தது.

ஒரு ஆபீசுக்கு மனு எழுதினேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். என் தமிழில் எனக்கே மயக்கம். 'மேற்படி இடத்தைச் சீரமைத்து, மேற்படி தொண்டர்களைச் சிறப்பிக்குமாறு' என்று எழுதி, மேனேஜர் சீல் குத்தி, கையெழுத்தும் போட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்பாராத சந்தோஷம் கொடுக்கிறேனாம்! மே மாதக் கூட்டத்தை ஒட்டி விழா வைப்பதாகப் பதில் வந்த பிறகுதான் அந்தக் காகிதத்தை அக்காவிடம் காட்டினேன்.

"அப்படீங்களா" என்றார். மெஷின் நிற்கவில்லை. ஒரு மடிப்பைத் தைத்து முடித்துவிட்டு, "எங்க வெச்சுங்க?" என்றார்.

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்கக்கா."

வியாழக்கிழமை விழா. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில் நான் லாட்ஜில், வெந்நீர் வரவில்லை என்று கத்திய ஓர் ஆளிடம் பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேனேஜரே! சோலைக்குள்ள லாரி ஆளுங்க எறங்கிட்டாங்க. வெட்டறாங்க!"

ஓடினேன். பாதை தொடங்குகிற இடத்திலிருந்து நாற்பதடி தூரம் மொட்டையடித்த மாதிரி இருந்தது. சருகையெல்லாம் கூட்டி வாரிக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். பாறைக்குச் சுண்ணாம்பு. பெரிய நாவல் மரத்துக்கு இடுப்பளவு வெள்ளையும் காவியுமாகப் பட்டை. விழாப் பந்தலுக்கு இடம் பண்ணுகிறார்களாம். அந்த நாற்பதடியில் இருந்த கன்றுகள் அத்தனையும் தரையோடு தரையாக அரிவாளால் சீவப்பட்டிருந்தன. புகைகிற குவியலில் ஒரு நீலக்கட்டத் துணி பாதி கருகிக் கிடந்தது.

வேலை அங்கே நின்றிருந்தது. நிறுத்தியது யார் தெரியுமா? நான் தினமும் சபித்த அந்த உண்ணிப் புதர். மஞ்சள் துணியையும் தொட்டிலையும் கண்ட வேலைக்காரப் பெண்கள், "அய்யய்யோ, சாமிக்குக் கட்டினது! இதுல கை வெக்க மாட்டோம்" என்று கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். மேஸ்திரி அவர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். சேலத்திலிருந்து வந்த ஆள், தலையில் துண்டு, நல்ல உயரம்.

நான் போனவுடன் என்ன செய்திருக்க வேண்டும்? நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். எனக்கு அது வராதே! "யாரைக் கேட்டுய்யா வெட்டுனே? நான் லாட்ஜ் மேனேஜர், தெரியுமா?" என்று எகிறினேன். அவர் நின்ற இடத்திலேயே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"இந்த மனுவுல கையெழுத்துப் போட்டது நீதான? லாட்ஜு சீல் இருக்குது பாரு. 'இடத்தைச் சீரமைத்து'ன்னு எழுதியிருக்குது. அதைத்தான்யா சீரமைக்கறோம்."

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா என் பின்னால் வந்து நின்றிருந்தார். பேக்கரிக்காரரும் பெரியம்மாவும் கூட. வாட்ச்மேனோடு சேர்த்து நாலு பேர் காதிலும் விழுந்தது. பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. சீவிக் கிடந்த இடத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் போனார்.

"ஏனுங்க, விடிய வந்திருப்பீங்க. டீ கீ குடிச்சீங்களா?"

மேஸ்திரிக்குக் குரல் இறங்கிவிட்டது. "குடிச்சாச்சும்மா. நீங்க ஆரு?"

"இங்க துணி கட்டறவளுங்க."

மேஸ்திரி புதரைத் தாண்டிக் கையை நீட்டினார். அந்தப் பக்கம் சரிவு முழுக்க, ஊற்றுவரைக்கும், மூன்று வருஷத்துத் துணிக் கன்றுகள். "இந்தப் புதர்ல மஞ்சத்துணி இருக்குது, சரி. அதெல்லாம் டெய்லர் கடை வெட்டுத்துணி மாதிரி இருக்குதே. அதுவும் வேண்டுதல்தானா? நெசத்தைச் சொல்லும்மா. வேண்டுதல் இல்லீன்னா இவளுகள வெட்டச் சொல்றேன். மத்தியானத்துக்குள்ள முடிச்சாகணும்."

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் போதும். சரிவு தப்பிக்கும். ஆனால் மூன்று வருஷமாக, பிள்ளை வரம் கேட்டு வந்தவளிடம்கூட "வேண்டுதல் இல்லீங்க, அடையாளமுங்க" என்று சொன்ன வாய் அது. சொல்லிடுக்கா, ஒரே ஒரு பொய், உன் காலில் விழுகிறேன் என்று மனசுக்குள் கதறினேன்.

அக்கா சொன்னார்: "ஆமாங்க. வேண்டுதல்தானுங்க."

வாட்ச்மேனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஆரு வேண்டிக்கிட்டது?"

"நாங்க அஞ்சு பேருங்க."

"எந்தச் சாமிக்கு?"

"சாமிக்கு இல்லீங்க. வர்றவங்களுக்குங்க. 'வெட்டீறாதீங்க, புடுங்கீறாதீங்க'ன்னு வர்றவங்களை வேண்டிக் கேட்டுத்தானுங்க ஒவ்வொண்ணுலயும் கட்டி வெச்சிருக்குது. இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்க. உங்களைத்தானுங்க வேண்டிக்கறேன்."

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அந்தப் பெண்களைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார்.

"சாமிக்குன்னாலும் ஒரு தேங்காய ஒடைச்சுப் போட்டுட்டு வெட்டிறலாம்" என்றார். "என்றகிட்டயே வேண்டிக்கிட்டா நான் என்னதான்மா பண்றது?"

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மேஸ்திரியும் சிரித்தார். "ஏத்துங்கடி சாமானை" என்றார். பந்தலை ஏரிக்கரை மைதானத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுவதாகவும், இந்தச் சரிவில் பந்தல்கால் நிற்காது என்று ஆபீசில் சொல்லிக்கொள்வதாகவும் அவரே யோசனை சொன்னார். அக்கா ஒவ்வொருத்தியிடமும் போய், "போயிட்டு வாங்க, பாத்துப் போங்க, எறக்கத்துல வழுக்குமுங்க" என்று மரியாதையாக அனுப்பி வைத்தார்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நீங்க லாட்ஜைப் பாருங்க மேனேஜருங்க. உங்களுக்கு ஆளுங்க காத்திருப்பாங்க."

எல்லாம் ங்க. முழுசாக, மரியாதையாக. வெளியே போகிறவர்களை அவர் எப்படி அனுப்புவார் என்பது எனக்குத் தெரியாதா? போய்விட்டேன்.

வியாழக்கிழமை விழாவில் நானும் மேடையில் உட்கார வேண்டியிருந்தது. மனுதாரர் ஆயிற்றே! ஐந்து பேருக்கும் பளபளவென்று பொன்னாடை. அக்காவை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். மைக்கைப் பிடிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு பேசினார்.

"பெரியவங்க எல்லாருக்கும் வணக்கமுங்க. நொம்ப சந்தோசமுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. அடுத்த தடவை எங்களுக்கு நல்லது பண்றதுக்கு முந்தி, எங்களை ஒரு வார்த்தை கேட்டுருங்க. வெட்டினதுக்கப்பறம் கேட்டா ஒட்டாதுங்க."

கூட்டம் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துக் கை தட்டியது. மேடையில் இருந்த அதிகாரிகளும் தட்டினார்கள். அது அவர்களுக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நான் பொன்னாடையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அக்காவின் பெயரை நான் இதில் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். எழுதுவதற்கு முந்திக் கேட்க வேண்டும். நான் சேலத்துக்கு மாற்றலாகி வந்து சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் கேட்பது? ஒரு தடவை கேட்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். இன்னொரு தடவை அந்த வேலை வேண்டாம்.

சீவப்பட்டது மொத்தம் பதினேழு கன்று. போனது போனதுதான் என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம். அடுத்த மழைக்கு அதில் ஒன்பது கன்று அடித்தண்டிலிருந்து துளிர்விட்டது. எட்டு வரவில்லை. அந்த எட்டுக்கு நான்தான் காரணம், அதை மழுப்ப மாட்டேன்.

விழாவுக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் எழுந்தபோது போவதா வேண்டாமா என்று ஒரே குடைச்சல். ஒன்பது மணிக்குக் கால் தானாக நடந்தது. பாதை தொடங்குகிற இடத்திலேயே, ரோட்டோரமாக நின்றுவிட்டேன். உள்ளே நாலு பேரும் அந்த மொட்டை இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மடியில் பளபளவென்று என்னவோ மின்னியது. எட்டிப் பார்த்தேன். அவர்களுடைய நாலு பொன்னாடையும் விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழிக்கப்பட்டிருந்தது. வெறும் கட்டையாக நின்ற அடித்தண்டுகளில் ஒவ்வொன்றாகச் சரிகை நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"செத்த கட்டைக்கு எதுக்கக்கா பட்டு?" என்றார் பேக்கரிக்காரர்.

"செத்துட்டேன்னு அது உங்கிட்டச் சொல்லுச்சா கண்ணு? கேட்டுப் பாப்போம், இரு."

என் கக்கத்தில் என்னுடைய பொன்னாடை இருந்தது. மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தேன். உள்ளே போனேன். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா தலை நிமிரவில்லை. பொன்னாடையை அவர் முன்னால் நீட்டினேன். அவரிடம் மூன்று வருஷத்தில் நான் கத்தியிருக்கிறேன், கிண்டல் பண்ணியிருக்கிறேன், தர்க்கம் பண்ணியிருக்கிறேன். அனுமதி என்று எதையும் கேட்டதில்லை.

"அக்கா" என்றேன். "இதையும் வெட்டிக்கலாமுங்களா?"

அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கடையில் கத்திரியை வைத்துக்கொண்டு, வந்தவர் நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று பார்ப்பாரே, அதே பார்வை.

"வெட்டிக்கலாமுங்களாக்கா?" மறுபடியும் கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன்.

பொன்னாடையை வாங்கி உதறி, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு கத்திரியை எடுத்தார்.

"இழுத்துப் புடி கண்ணு. கோணாமப் புடி."

பிடித்தேன். கோணிக்கொண்டுதான் போனது. எனக்கு எதிரில் எதுவும் தெரியவில்லை.